ஒவ்வொரு திருப்பத்திலும் இருபது

அம்மா,

இன்று காலை கொமுட்டர் ரயிலில், பெண்கள் பெட்டியில், என் பக்கத்தில் இருந்த மலாய்க்கார ஆன்டி கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தைலப் புட்டியை எடுத்தார். இரண்டு சொட்டு தொட்டு நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்த வாசனை பட்டதும் உன் கை வரப்போகிறதென்று என் நெஞ்சு தானாகவே ஒடுங்கியது. பதினேழு வருடம், நான் குளித்து வந்ததும் தினமும் நீ என் நெஞ்சில் தேய்த்த தைலம். நான் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன். கிள்ளான் வரும்வரை நின்றபடியேதான் போனேன்.

ஆமாம், கிள்ளானுக்குத்தான். தனியாக, ரயிலில், தினமும். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் பிளாட்டின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் போவது தெரியும். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே நான் அதைப் பார்ப்பேன். நீ தையல் மெஷினை நிறுத்தாமலேயே சொல்வாய்: "அந்தக் கூட்டத்துல நீ நின்னா உனக்கு நெஞ்சு அடைச்சிடும்டி." என் நெஞ்சில் ஓட்டை இருந்தது. எனக்கு என் பெயர் தெரிவதற்கு முன்பே அது தெரியும். ஓடக்கூடாது, ஐஸ் தின்னக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் திடலில் ஓடும்போது நான் உன் கடிதத்தோடு நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும் பள்ளியும் நின்றது. கைப்பேசி வேண்டும் என்று ஒரே ஒருமுறை கேட்டேன். அதில் வரும் செய்திகளைப் பார்த்தால் படபடப்பு வரும் என்றாய். சரியென்று இருந்துவிட்டேன். நான் நல்ல பிள்ளை அல்லவா.

படிகளுக்குத் தனிச் சட்டம் வைத்திருந்தாய். நம் பிளாட்டில் நாலு மாடி இறங்க எட்டுத் திருப்பம். "மெதுவா. ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு இருபது எண்ணு. நமக்கு என்ன அவசரம்?" லிஃப்ட் கெட்டுப்போகும் நாள்களில் நாம் இருவரும் கைகோத்து எண்ணிக்கொண்டே இறங்குவோம். ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கும். "பாத்தியா, பாத்தியா" என்று என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாய். படியேறினால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்பதை நான் இருபத்து நாலு வயதில்தான் தெரிந்துகொண்டேன் அம்மா.

தைப்பூசத்துக்குத் தைப்பூசம் எனக்காகப் பத்துமலையில் பால்குடம் எடுத்தாய். நான் கீழே கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இருநூற்று எழுபத்திரண்டு படியும் ஏறி இறங்கி, வியர்வையோடு வந்து என் நெற்றியில் திருநீறு பூசுவாய். "முருகன்கிட்ட சொல்லிட்டேன்" என்பாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்டதே இல்லை.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. வானொலியில் பத்து மணிச் செய்தி தொடங்கியது. மெஷின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். யாருடைய கல்யாணத்துக்கோ தைத்துக்கொண்டிருந்த மயில் கழுத்து நிறத் துணி மேல் நீ கவிழ்ந்து கிடந்தாய். உன் போனை எடுத்தேன். பூட்டியிருந்தது. பூட்டிய போனிலும் அவசர எண்ணை அடிக்கலாம் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் மாடியில் எல்லாக் கதவையும் தட்டினேன். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

படியில் இறங்கினேன். நீ சொல்லிக் கொடுத்தபடியே இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. முதல் திருப்பத்தில் நின்று இருபது எண்ணினேன். இரண்டாவதிலும் எண்ணினேன். ஓட வேண்டும் போல இருந்தது. நானும் படியில் விழுந்துவிட்டால் உனக்கு யார் ஆள் கூப்பிடுவது என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். எட்டுத் திருப்பத்திலும் நின்றேன். ஒன்றிலும் குறைத்து எண்ணவில்லை.

பிளாட் வாசலில் வடை சுடும் தேவி அக்காதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். "என்னா பிள்ள, இவ்ளோ மெதுவா வந்து சொல்றே?" என்று கத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு மேலே ஓடினாள். ஐம்பது வயதுக்காரி, என்னைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஓடினாள். நான் பின்னால் எண்ணிக்கொண்டே ஏறினேன். ஆம்புலன்சில் வந்த ஆள் உன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முந்தி கூப்பிட்டிருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாரடைப்பு என்றார்கள். நம் இருவரில் உன் நெஞ்சுதான் முதலில் நின்றது.

அழுதேன். உனக்காக நன்றாகவே அழுதேன். அது உன் கணக்கில் இருக்கட்டும்.

கருமாதி முடிந்த பிறகு தேவி அக்கா என்னை விடவில்லை. ஒரு கைப்பேசி வாங்க வைத்தாள். ரயில் அட்டையை எந்தப் பக்கம் தட்டுவது, நகரும் படிக்கட்டில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று எல்லாம் காட்டினாள். முதல் நாள் அந்தப் படிக்கட்டின் முன்னால் நான் நின்ற நிலையில், பின்னால் நாற்பது பேர் நின்றுவிட்டார்கள். "சோரி லா, தங்கச்சி ஊருக்குப் புதுசு" என்றாள் தேவி அக்கா. நான் பிறந்ததே அங்கிருந்து பத்து நிமிட நடையில்.

கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடையின் தையல் பிரிவில் அவளே வேலையும் பிடித்துக் கொடுத்தாள். அங்கே துணிக்கட்டை மாடிக்குத் தூக்கச் சொன்னார்கள். என் நெஞ்சில் ஓட்டை என்றேன். முதலாளி நல்ல மனிதர். "அப்படின்னா டாக்டர் லெட்டர் கொண்டு வாம்மா, தூக்க வேணாம்" என்றார். அந்த லெட்டரை வாங்கப் போனேன்.

உன் அலமாரியில் இருந்த பழைய மருத்துவமனை அட்டையையும் என் மாத்திரைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, திரையில் பார்த்தார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். "ஓட்டையா? எங்கே இருக்கு? ஒன்னும் இல்லையே" என்றாள். பழைய பதிவைத் தேடி எடுத்தாள். "சின்ன ஓட்டைதான். தானா மூடிக்கிச்சு. ஏழு வயசுலயே இனி வர வேணாம்னு சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட விளக்கினாங்கன்னு எழுதியிருக்கு." மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். "இது சத்து மாத்திரைம்மா. எல்லாக் கடையிலயும் கிடைக்கும்." புட்டியின் லேபிள் நீ எப்போதோ உரித்து எடுத்தது.

அந்த ஏழு வயது நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அப்பா நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பஸ்ஸில் நீ சந்தோஷத்தில் அழுதாயா, இனி இவளும் ஓடிவிடுவாள் என்ற பயத்தில் அழுதாயா? பஸ்ஸை விட்டு இறங்கும்போது என்னிடம் சொன்னது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. "மெதுவாடி, மெதுவா."

பயந்துதான் செய்தாய் என்று தேவி அக்கா சொல்கிறாள். இருக்கட்டும். எனக்கு அது விளங்குகிறது. விளங்கினால் மன்னித்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இல்லாத நோய்க்கு வருடா வருடம் பால்குடம் எடுத்தாயே, மேலே போய் அவனிடம் என்னதான் கேட்டாய்? அவனையுமா ஏமாற்றினாய்?

பழி வாங்குவது என்று முடிவு செய்தேன். செத்தவளை எப்படிப் பழி வாங்குவது? முதலில் சின்னச் சின்னதாகச் செய்தேன். தைலப் புட்டிகளை எல்லாம் குப்பையில் போட்டேன். உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்கை வழித்துத் தின்றேன். உன் மாலையை மூன்று வாரம் மாற்றாமல் காய விட்டேன். எதிலும் மனம் ஆறவில்லை.

பிறகு ஒருநாள் காலை வீட்டு வாசலில் நின்று, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, ஓடினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓடினேன். கைப்பிடியைத் தொடவில்லை. எட்டுத் திருப்பத்திலும் நிற்கவில்லை. தேவி அக்காவின் வடைச்சட்டி முன்னால் போய்த்தான் நின்றேன். ஐம்பத்தொரு நொடி. நீ விழுந்த அன்று நான் எண்ணியதே நூற்று அறுபது, நடந்தது தனி. மேலே ஏறி வந்து உன் படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "ஐம்பத்தொன்னு."

அன்றிலிருந்து தினமும் ஓடுகிறேன். லிஃப்ட் சரியாகிவிட்டது, நான் ஏறுவதில்லை. கால் பழகப் பழக நொடி குறைகிறது. நாற்பத்தேழு. நாற்பத்து மூன்று. அது குறையக் குறைய உன் குற்றம் கூடுகிறது. ஒவ்வொரு எண்ணையும் உன்னிடம் வந்து சொல்லிவிடுகிறேன். உன்னால் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

போன வாரம் தேவி அக்கா வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "யாரை லா இப்படித் தண்டிக்கிறே? செத்தவங்களுக்கு மூச்சு வாங்காது பிள்ள. உனக்குத்தான் வாங்குது."

சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் மறுநாளும் ஓடினேன்.

இன்று காலையும் ஓடினேன். அந்தத் தைல வாசனை அதற்கப்புறம்தான். ஓடி முடித்து மேலே ஏறி வந்து உன் படத்தின் முன்னால் நின்றபோது வாயைத் திறக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கியது. நீ எப்போதும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாயே, அந்த இடத்தில் என் கையை வைத்துக்கொண்டேன். உள்ளே அது குதிரை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லாத நெஞ்சு. நீ பெற்றது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்குத் தெரியாமலேயே இருபதுவரை எண்ணியிருக்கிறேன்.

பிறகு சொன்னேன்.

"முப்பத்தெட்டு, அம்மா."