பல்செட் ஏரிக்குப் போன பருவம்

அக்டோபர் 19, சனி

தண்ணீர் அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். தெற்குக் காற்று. ஆறு மணி நேரம் ஏரியில் இருந்தேன். வரியன் மீன் ஒன்றுகூட இல்லை. ரப்பர் மீனைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். ஒரு ஆமை வந்து விசாரித்துவிட்டுப் போனது.

வரியனுக்கு உயிரோடு துள்ளும் ஷாட் மீன்தான் இரை. கையில் எடுத்தாலே செத்துவிடும் என்பதால் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அவரவர் வீச்சு வலை போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடம் எங்கள் ஏற்பாடு அதுதான்: படகு என்னுடையது, வலை என் கூட்டாளி டெல்மருடையது. அவன் வீசினால் வட்டம் பிசகாமல் விழும்.

அவனோடு பேச்சை நிறுத்தி அடுத்த மாதத்தோடு மூன்று வருடம். நான் பார்த்ததிலேயே பெரிய வரியன் கூட்டத்துக்குள் மோட்டாரை அணைக்காமல் படகை ஓட்டியவன் அவன். சத்தம் கேட்டால் கூட்டம் மொத்தமும் அடியில் போய்விடும் என்று டென்னசியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதை மன்னிக்க முடியுமா? முடியாது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் வெர்னா வாசலிலேயே நிற்கிறாள். "மறுபடியும் டூனா டப்பாதானா? வாணலி துருப்பிடிக்குது லொவெல்." கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாக இவளும் நானும் ஒரே வீட்டில். ஒரு நாளாவது ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கிறாளா?

அக்டோபர் 22, செவ்வாய்

சொந்தமாக ஒரு வலை வாங்கிவிட்டேன். டெல்மர் என்ன வானத்திலிருந்து குதித்தவனா?

அக்டோபர் 26, சனி

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

வலை வீசும்போது ஈயக்குண்டு கட்டிய விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வது இங்கே எல்லோரும் செய்வது. வலை சுழலும் நொடியில் வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். முதல் வீச்சு கால் மேலேயே விழுந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் நான் திறக்கக் கொஞ்சம் தாமதம். வலை போனது. கூடவே மேல்வரிசைப் பல்செட்டும் போனது.

வெயிலில் ஒரு முறை பளிச்சென்று மின்னியது. அப்புறம் 'ப்ளக்'. ஓடை ஏரியில் சேரும் வாயில், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் காலால் துழாவினேன். சேறும் ஒரு பழைய செருப்பும்தான் கிடைத்தன.

வெர்னா சிரித்துச் சிரித்து அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 28, திங்கள்

ஓட்ஸ் கஞ்சி. பல் டாக்டர் டிசம்பர் கடைசியில்தான் வரச் சொல்கிறார்.

அக்டோபர் 30, புதன்

ஓட்ஸ் கஞ்சி. "பல் இல்லாம நீ பேசாம இருக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல," என்கிறாள் வெர்னா.

உண்மையைச் சொன்னால், இந்தப் பல் கதையைக் கேட்டு எவன் ரொம்பச் சிரித்திருப்பான் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தட்டித் தட்டி. சனியன்.

நவம்பர் 2, சனி

இரைக்கடை ஓபல் போன் செய்தாள். "லொவெல், உன்னோட ஒரு பொருள் இங்க இருக்கு. வந்து பாரு. சீக்கிரம் வா, ஊரே பாத்துட்டுப் போகுது."

போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில், ஊறுகாய் பாட்டிலில், தண்ணீருக்குள் என் பல்செட் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. பாட்டிலில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது:

'ஓடை வாயில் வலையில் விழுந்தது. உரியவர் அடுத்த சனிக்கிழமை காலை நேரில் வந்து, வரியன் கூட்டத்தைக் கலைத்தது யார் என்று தன் வாதத்தைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். டெல்மர்.'

"எடுத்துக் குடு ஓபல்."

"மாட்டேன்ப்பா. அவன்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன்."

வாதமா? என்னிடம் வாதத்துக்கா பஞ்சம்?

நவம்பர் 3, ஞாயிறு

சர்ச்சில் பாட்டுப் பாடாமல் நின்றேன். பாதிரியார் என்னைத் தனியாகப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

மதியம் வெர்னா கேட்டாள்: "நீதான் தினமும் எழுதறியே. அன்னிக்கி நடந்ததையும் எழுதித்தானே இருப்ப? அதைக் கொண்டுபோய் எல்லாரு முன்னாடியும் படி. அதோட விஷயம் முடிஞ்சுது."

அருமையான யோசனை. இவ்வளவு நாள் எனக்கே தோன்றவில்லை பார். பழைய நோட்டுகள் கார் ஷெட்டில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால். நாளைக்குத் தேடுகிறேன். டெல்மர், மகனே, தயாராக இரு!

நவம்பர் 4, திங்கள்

கிடைத்தது. அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன்:

"நவம்பர் 13, 2021. தண்ணீர் ஐம்பத்தேழு. கடற்காக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கொத்தின. அடியில் வரியன்கள், அரை ஏக்கர் தண்ணீர் கொதித்தது. டெல்மர்தான் ஓட்டினான். இங்கேயே மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்து போவோம் என்றான். நான்தான் 'விடு, விடு, உள்ள விடுடா, கூட்டம் முங்கிடப் போகுது' என்று கத்தினேன். அவன் விட்டான். எல்லாம் போச்சு. தப்பு என்னுடையது. நாளைக்கு ஓபல் கடையில் அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும்."

மறுநாள் எழுதியிருப்பது இரண்டே வரி: "நான் போவதற்குள் டெல்மர் கதையைச் சொல்லிவிட்டான். கடை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. ஓட்டினது நீதானே என்றேன்."

நாலு தடவை படித்தேன். என் கையெழுத்துதான். மூன்று வருடம் சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் நடந்ததாகப் பதிந்துவிட்டதே! அந்த ஒரு காப்பியை வாங்கிக் கொடுத்திருந்தால்...

வெர்னாவிடம் நோட்டைக் கொடுத்தேன். படித்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 6, புதன்

நோட்டு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? டிசம்பர் வரைக்கும் கஞ்சி குடித்தால் செத்தா போய்விடுவேன்?

நவம்பர் 9, சனி

போனேன். ஓபல் கடையில் ஏழெட்டுப் பேர். டெல்மர் மூலையில், தலைகீழாகக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தான். இளைத்திருக்கிறான்.

நோட்டைப் பிரித்து நின்றபடியே படித்தேன். மேல்பல் இல்லாமல். ஒரு வரியும் விடாமல், 'தப்பு என்னுடையது' உட்பட.

டெல்மர் சொன்னான்: "காது சரியா கேக்கல. இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"அந்த 'தப்பு என்னுடையது' மட்டும் இன்னொரு தடவ?"

"டேய் டெல்மர், போதும்டா."

எழுந்து வந்து பாட்டிலை என் கையில் கொடுத்தான். "மூணு வருஷம்டா. கண்டவன் படகுக்கெல்லாம் ஷாட் பிடிச்சுக் குடுத்தேன். நல்லா மீன் பிடிக்கறானுங்க. ஒருத்தனுக்கும் ஒரு ஜோக் சொல்லத் தெரியல." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காப்பி வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருடம் ஆறின காப்பி என்றான்.

நவம்பர் 16, சனி

தண்ணீர் ஐம்பத்தெட்டு. காற்றில்லை. டெல்மர் இரண்டே வீச்சில் தொட்டி நிறைய ஷாட் பிடித்துவிட்டான். என் தோள் வலிக்கிறது என்று சொல்லி அவனையே ஓட்டச் சொன்னேன். தோள் ஒன்றும் வலிக்கவில்லை.

அணைக்கட்டுப் பக்கம் திரும்பியதும் கடற்காக்கைகள். அன்றைக்குப் போலவே. தண்ணீர் கொதிக்கிறது, வரியன்களின் முதுகு தெரிகிறது. 'விடு, விடு, உள்ள விடுடா' என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, வாயையும் மூடிக்கொண்டு பொத்தானை மாட்டினேன்.

டெல்மர் ஓரக்கண்ணால் பார்த்தான். நல்ல தூரத்திலேயே மோட்டாரை அணைத்தான். மிதந்து போனோம்.