கேட்டடி மெழுகு

செவ்வாய், இரவு.

ஒரு திருட்டுக்குப் பிறகு பூட்டிய மாதா கோவிலின் தெருப்பக்கக் கேட்டை இன்று திறந்தோம். கோவில் பொறுப்பாளனாக அன்று பூட்டச் சொன்னவன் நான். "எல்லாரும் வரலாம்" என்று போர்டு வைத்தும் சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை.

ஆறு மணிக்கு அமராவதிபுதூரிலிருந்து பூ விற்க வரும் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று தரையில் எதையோ தேடினார்.

"உள்ள வாங்கம்மா, அந்தோணியார் அங்குட்டு இருக்காரு" என்றேன்.

"இங்கன மெழுகு கெடந்துச்சே, எங்கய்யா?"

சனிக்கிழமை சுத்தம் செய்தபோது நான்தான் அதைச் சுரண்டி எறிந்தேன். எவன் போட்ட குப்பையோ என்று திட்டிக்கொண்டே.

"கேட்டைப் பூட்டுனதுலருந்து அந்தோணியாருக்குச் செவ்வாக்கெழமை மெழுகு இங்கனதான் ஏத்துறோம். எம்புள்ள பொழச்சது இங்கன நின்னு வேண்டித்தான்."

மறுபடி உள்ளே கூப்பிட்டேன்.

"நீங்கதான பூட்டுன அன்னைக்கு எங்கள வெளிய போகச் சொன்னீக" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சுரண்டிய இடத்திலேயே குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றினார். காற்று அடித்தது. நானும் வெளியே போய், சுடருக்குக் கையை மறைப்பாக வைத்து நின்றேன். உள்ளே அந்தோணியார் சிலை முன்னால் ஒரு மெழுகுவர்த்திகூட எரியவில்லை.