செல்லத்தாய் அத்தைக்குப் போட்ட இலை

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்தி நிலா பிழைத்துவிட்டாள். பக்கத்து அறையில் போனில் யாரோடோ ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் காதில் விழ விழ எனக்கு மூச்சு சீராக வருகிறது.

மழைக்காலத்துக்கு முன்னால், செம்பூரில் நீச்சல் குளத்தில் அவள் மயங்கிவிட்டாள். பயிற்சியாளர் இழுத்து வெளியே போட்டு, நெஞ்சை அழுத்தி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார். "நல்லாத்தான் நீந்திட்டிருந்தா. திடீர்னு அசைவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதே வார்த்தைகளை நான் உங்கள் வாயால் கேட்டிருக்கிறேனே, அப்பா!

ஆடி அமாவாசைக்குத் தாராவி வீட்டில் முன்னோருக்குப் படையல் வைப்போமே. பெரியப்பா தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் இலை போடுவார். நீங்கள் ஓரமாக இன்னொன்று போடுவீர்கள். "யாருக்குடா அது?" என்பார். "அக்காளுக்கு" என்பீர்கள். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார்.

கல்யாணம் பேசிய பையனைப் பிடிக்காமல் செல்லத்தாய் அத்தை ஊர்க் குளத்தில் விழுந்து செத்தாள் என்று ஊரே சொன்னது. வீடும் அதை நம்பி, அவள் பேரையே எடுக்காமல் விட்டது. கூட நீந்திய நீங்கள் ஒருவர்தான் மறுத்தீர்கள். "சிரிச்சிக்கிட்டேல்லா நீந்துனா. திடீர்னு அசைவே இல்ல. சாவப் போறவ அப்படிச் சிரிப்பாளா?" என்று எங்களிடம் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டரம்மா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சட்டென்று "இல்லை" என்றார். நான், "எங்க அத்தை ஒருத்தர் குளத்துல..." என்று இழுத்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அந்த ஒரு பதிலுக்காகவே நீங்கள் அத்தனை வருஷம் இலை போட்டீர்களோ என்று தோன்றியது.

இதயத்துடிப்பை நடத்தும் மின்சாரத்தில் ஒரு பிசகாம். பிறவியிலேயே வருமாம். நீந்தும்போதுதான் பெரும்பாலும் தாக்குமாம். நிலாவுக்கு அதுதான். என்னையும் சோதித்தார்கள், எனக்கும் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை. அப்படியென்றால் அது உங்கள் வழியாகத்தான் வந்திருக்கிறது. நீங்கள் தூக்கத்திலேயே போனதும் இதனால்தானா, அப்பா?

பயப்படாதீர்கள், மாத்திரை இருக்கிறது. "தண்ணிக்குள்ள தனியா போகக்கூடாது, மாத்திரைய மறக்கக்கூடாது. இவ்வளவுதானே மம்மி?" என்கிறாள் உங்கள் பேத்தி. நான்தான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரத்த உறவுகள் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பெரியப்பாவிடம் போய் அத்தையின் பேச்சை எடுத்தேன். அவர் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்.

"ஏட்டி, அவ பேர இந்த வீட்டுல எடுக்காத. கல்யாணம் பேசுத நேரத்துல நோயி, சாவுன்னு கிளப்பிவிடாத."

"பெரியப்பா, அத்தை தானா சாகல. நெஞ்சு நின்னுதான் போயிருக்கா."

"யாரு சொன்னா?"

"டாக்டர். அந்தக் காலத்துச் சாவ இப்ப சோதிச்சுச் சொல்ல முடியாது, ஆனா இதாத்தான் இருக்கணும்னாங்க. எங்கப்பா சொன்னது நெசம்."

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குரல் உடைந்துபோய், "அப்பம் அவ எங்கள வெறுத்துட்டுப் போவலியா?" என்றார். "எங்கய்யா அந்த நெனப்போடயே கண்ண மூடுனாவளே. எந்தம்பி தொண்ட கிழியச் சொன்னானே, நான் கேக்கலியே." அத்தனை வயதான மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாளே பேரப்பிள்ளைகளை அவரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அவள் தம்பிக்கு இருந்தது. இதுவரை ஒரு அறிகுறியும் காட்டாத பிள்ளை, அப்பா. ஜூனில் ஊருக்குப் போய்த் தாமிரபரணியில் குளிக்க டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். இப்போது அவனும் மாத்திரை சாப்பிடுகிறான். டிக்கெட்டைக் கேன்சல் செய்த அன்றைக்குப் பெரியப்பா எல்லாருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார்.

இந்த ஆடி அமாவாசைக்கு அத்தையின் இலையை அவர்தான் போட்டார், ஓரத்தில் அல்ல, நடுவில். முருங்கைக்கீரை அவளுக்குப் பிடிக்குமாம், அதை வைக்கச் சொன்னார். அன்றைக்குத்தான் எங்களுக்கே அது தெரிந்தது. நிலா, "அந்த அத்தைப் பாட்டி எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒன்ன மாதிரிதான், வாயாடி."

என் ரத்தத்தில் நல்லதோடு இதுவும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் எதைச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்பது என் கையில் இருக்கிறது.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. இனி நம் வீட்டில் போனவர்கள் யாரையும் வெட்கத்துக்குப் பயந்து மறைக்க மாட்டோம். யார், எப்படி இருந்தார்கள், எப்படிப் போனார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு உள்ளபடி சொல்வோம். நாளைக்கு நிலாவுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதற்கும் அது போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வேன்.

அக்காளும் தம்பியும் இனி நிம்மதியாக இருங்கள்.

உங்கள் மூத்த மகள்,
செல்லத்தாய் அத்தையின் மருமகள்,
முத்துலட்சுமி