தலையணைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள கோபக்காரிக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். சண்டை எப்படி ஆரம்பித்தது என்று கிளறப் போவதில்லை. அதற்குத் தனி மாநாடு வேண்டும்.

இங்கே கடலைப் பங்கு போடும் பேச்சு திங்கட்கிழமையிலிருந்து நகரவில்லை. இரண்டு கரைக்கும் சரிபாதியில் கோடு போட வேண்டும். ஆளாளுக்குக் கடலுக்குள் இருக்கும் ஒரு பாறையைக் காட்டி, "எங்க கரை இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது" என்கிறோம். அலை வந்தால் மூழ்கிவிடும் பாறைகள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன்.

இன்று எதிர்த்தரப்புத் தலைவர், "ராத்திரியானா உங்க எல்லை மிதவை எங்க பக்கம் நகருது" என்றார். "அந்தத் தலையணையை நான் தொடவே இல்ல!" என்று கத்திவிட்டேன். குறிப்பெடுப்பவர் அதையும் எழுதிக்கொண்டார்.

தொட்டேனா இல்லையா என்பது உனக்குத் தெரியும்.

தேநீர் இடைவேளையில் அவர் என்னை ஓரங்கட்டினார். "தப்பா நெனைக்காதீங்க சார். மெத்தைக்கு நடுவுலயா? எங்க வீட்லயும் கெடக்கு. ரெண்டு."

அப்புறம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. நடுக்கடலில் கோடே இல்லாத ஒரு பகுதி. இரண்டு நாட்டுப் படகும் வரலாம். யாரும் யாரையும் விரட்டக் கூடாது.

நாளை வருகிறேன். தலையணை விஷயத்தில் என் தரப்புக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து இதை எட்டிப் பார்த்த அதே தலைவர், "இந்த லெட்டர்ல ஒரு காப்பி குடுங்க சார், எங்க வீட்டுக்கும் அனுப்பணும்" என்கிறார். பாதிக் கடலைக் கொடுத்துவிட்டேன், இதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் எதிர்த்தரப்பு