திங்கட்கிழமைச் சம்பளம்

பன்னிரண்டு வருஷம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து என்னைச் சிரிக்க வைத்த காதர் மச்சானுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நான் அட்வான்ஸ் வாங்கவில்லை. நம்பமாட்டீர்கள், என் வீட்டுக்காரி சரசுவே முதலில் நம்பவில்லை. ஆர்டர் இல்லாமல் நம் பனியன் கம்பெனி ஐந்து வாரம் மூடிக் கிடந்தது. ஐந்து வாரமும் வீட்டில் அடுப்பு எரிந்தது, வாடகை போனது, மகள் கலைவாணி பள்ளிக்கூடம் போனாள். நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுதும்படி நல்லதாக ஒன்றும் இல்லை என்பதுதான். இதை மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். நம்மைப் போன்ற ஆட்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

நாம் ஒன்றும் குறைவாகச் சம்பாதிக்கவில்லையே மச்சான்? எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் குவிந்தபோது, ஓவர்லாக் மெஷினில் நமக்கு வாரக் கூலி எவ்வளவு வந்தது என்று கேட்டு எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் என் பெரியப்பா மகன் வாயைப் பிளந்தான். அவன் பள்ளிக்கூட வாத்தியார். அப்படியிருந்தும் ஒரு நல்லது கெட்டது என்றால் அவன்தான் எனக்குப் பணம் கொடுப்பான். அவனிடம் எப்படி இருந்தது, நம்மிடம் ஏன் இல்லை? டீக்கடையில் எத்தனை முறை பேசியிருப்போம், விடை கண்டோமா?

வெளியூர்க்காரர்களுக்கு நம் அட்வான்ஸ் கதை விளங்காது. வேலை ஓய்ந்த வாரங்களில் கான்ட்ராக்டர் பணம் தருவார். அடுத்த சீசன் முழுக்க அவரிடமே தைத்து அதைக் கூலியில் கழிக்க வேண்டும். கழிகிறவரை வேறு கம்பெனிக்குப் போக முடியாது, கூலி கூட்டிக் கேட்கவும் வாய் வராது. இதை அவமானமாக நினைத்தோமா? நல்ல டெய்லருக்குத்தானே பெரிய அட்வான்ஸ் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். உங்களுக்கு என்னைவிட இருநூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்து நான் இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தது நினைவிருக்கிறதா? காலில் கட்டிய கயிறு யாருக்குத் தடிமன் என்று போட்டி போட்ட கிறுக்கன் நான்.

கையில் வந்ததெல்லாம் சனிக்கிழமையில் போனது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சம்பளக் கவரோடு வெளியே வந்தால் வாசலிலேயே லாட்டரிச் சீட்டுக்காரர், சட்டைத்துணி விரித்தவர், தவணைக்கு வாட்ச் கொடுப்பவர். பிறகு புரோட்டாக் கடை, ஞாயிற்றுக்கிழமை கறி, ஒரு சினிமா, அது நன்றாக இல்லை என்று இன்னொரு சினிமா. உங்களோடு வந்தால் எல்லோருக்கும் நீங்களே காசு கொடுப்பீர்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் கோபம் வேறு வரும். வாரம் முழுக்கப் பஞ்சுத் தூசியில் குனிந்து கிடந்தவனுக்கு ஒரு நாளாவது நிமிர்ந்து நடக்கத் தோன்றாதா? அதை நான் இன்றைக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள். "தப்பு நம்ம மேல இல்லீங்க மச்சான். சனிக்கிழமை சாயங்காலம் போஸ்டாபீஸ் சாத்திக் கெடக்குது, சினிமாக் கொட்டாய் தொறந்து கெடக்குது. இதே சம்பளத்தத் திங்கக்கிழமை காலைல குடுத்துப் பாக்கட்டும், நாமெல்லாம் பெரிய பணக்காரங்க." எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். நீங்கள் இன்னொரு பிளேட் சொன்னீர்கள்.

கடைசி சீசனில் உங்களுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். லீவு போட்டால் கழிவது தள்ளிப்போகும் என்றீர்கள். "அட்வான்ஸ் கழியட்டுங்க, அப்பறம் போலாமுங்க." கழிய மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்கள் மேலா, அந்த அட்வான்ஸ் மேலா, உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத என் மேலா?

கான்ட்ராக்டர் வந்து அழுதார். மீதியைத் திருப்பித் தரவேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரி, என் தங்கச்சி நூர்ஜஹானிடம் அவரே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை மச்சான், கெட்டவராக இருந்திருந்தால் நாம் என்றைக்கோ விழித்துக்கொண்டிருப்போம்.

அடுத்த மாதமே வேலை ஓய்ந்தது. வழக்கம்போல் போய் நின்றேன். என் பழைய பாக்கியே நிறைய இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் பணம் கொடுக்க வீட்டுக்கு வந்து நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "பொண்ணு எட்டாவது முடிச்சிருச்சில்லீங்க? நம்ம கம்பெனில செக்கிங் வேலைக்கு அனுப்புங்க. ரெண்டு பேரு கூலியில சீக்கிரம் கழிஞ்சிரும்."

கலைவாணி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. "நாளைக்கே போகோணுமாங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். தைத்துத் தைத்து ஊருக்கே சட்டை போட்டவன், பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் அதே தூசியில் உட்கார வைக்கப் போகிறேனா? "போக வேண்டாங்கண்ணு" என்று சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் நீங்கள் சொன்ன வேடிக்கை ஞாபகம் வந்தது. சீசன் தொடங்கியதும் கணக்குப்பிள்ளையிடம் போய், என் கவரை மட்டும் திங்கட்கிழமை காலைவரை உங்களிடமே வைத்திருங்கள் என்று கேட்டேன். எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். முதல் சனிக்கிழமை வெறும் பாக்கெட்டோடு வெளியே வந்தேன். லாட்டரிச் சீட்டுக்காரர், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா என்று ரகசியமாகக் கேட்டுத் துக்கம் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லை, தக்காளிச் சாதம். நான் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சரசு கம்பெனி வாசலுக்கு வந்து கவரை வாங்கினாள். மளிகைக்கும் வாடகைக்கும் எடுக்கும் முன்னால் நேராகப் போஸ்டாபீசுக்குப் போய் ஒரு பங்கைச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டாள். நான் ஷிப்டில் இருந்தேன். குறுக்கே நிற்க நானும் இல்லை, நம் கூட்டாளிகளும் இல்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் தோற்றுப்போய்ச் சனிக்கிழமையே கவரை வாங்கினேன். ஞாயிறு இரவுக்குள் பாதி காலி. முதல் சீசனில் பாக்கியைத்தான் கழிக்க முடிந்தது. போன வருஷம் வேலை ஓய்ந்தபோது மறுபடி கொஞ்சம் வாங்க வேண்டியிருந்தது. இந்த வருஷம்தான் மச்சான், இந்த வருஷம்தான் புத்தகத்தில் எங்கள் பணம் என்று ஒன்று நின்றது.

கம்பெனி மூடிய மூன்றாவது வாரம் கான்ட்ராக்டர் மொபெட்டில் வீடு தேடி வந்தார். நான் போகாததால் அவருக்கே கவலை. பையைத் திறந்தபடி, எவ்வளவு வேண்டும் என்றார். "இந்தத் தடவ வேண்டாமுங்க. டீ சாப்புட்டுட்டுப் போங்க" என்றேன். பையை மூடிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார். வேறு கம்பெனிக்குப் போகிறேனா என்று கேட்டார். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன். கிளம்பும்போது, வருகிற சீசனில் தைக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் பத்துப் பைசா கூட்டித் தருவதாகத் தானாகவே சொன்னார். பதினாலு வருஷத்தில் நான் கேட்காமல் அவர் கூட்டியது அதுதான் முதல் தடவை. அவர் போனதும் பாயை விரித்துப் படுத்தேன். பட்டப்பகலில் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை. எழுந்தபோது கலைவாணி பத்தாம் வகுப்புப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சியும் செக்கிங்கில் திங்கட்கிழமைக்கு மாறிவிட்டார். இப்போது ஆறு பேர் ஆகிவிட்டோம். கணக்குப்பிள்ளை எங்களுக்கென்று தனியாக ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார். எல்லோரும் இது என் மூளை என்று நினைத்து என்னைப் புகழ்கிறார்கள். இல்லை, புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு காதர் சொன்னது என்று ஊரறியச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொன்ன நீங்கள் அதை ஒரு வாரமாவது செய்து பார்த்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமை சாயங்காலம் இப்போது எனக்குப் போக்கிடம் இல்லை. இனி அந்த நேரம் உங்களுக்கு. வாராவாரம் ஏழு மணிக்குக் கம்பெனியிலிருந்து நேராகக் கபர்ஸ்தானுக்கு வந்து உங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவேன், இது சத்தியம். வெறுங்கையோடுதான் வருவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பணம் திங்கட்கிழமைதான் வரும்.

என்றும் உங்கள் பக்கத்து மெஷினில் இருக்கும்,
உங்கள் மச்சான்
பழனிச்சாமி