சம்பந்தி அளந்த நிலம்

வடக்குப்பட்டு,
18 பிப்ரவரி 1991

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு,

உன்னையும் மருமகனையும் கர்த்தர் காப்பாராக. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. வளைகுடா யுத்தம் தொடங்குவதற்குள் உன் மாமனாரும் மாமியாரும் லண்டன் போய்ச் சேர்ந்தது ஆண்டவர் செயல்.

வெயிலுக்கும் சரித்திரத்துக்கும் இந்தியாவைப் போல் ஒரு நாடு இல்லை என்று உன் மாமனார் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். வரும் டிசம்பரில் நண்பர்கள் ஆறு பேரை அழைத்துவர ஆசைப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். இந்த முறை அவர் வந்துபோனதில் இங்கே என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் அதை நீ எழுதியிருக்க மாட்டாய்.

வெயிலை நான் குறை சொல்லவில்லை. உன் மாமியார் நடுப்பகலில் மொட்டை மாடியில், காயவைத்த மிளகாய்க்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். தோள் இரண்டும் மிளகாய் நிறத்துக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. கிளியம்மாள் பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டு, "இன்னாம்மா இது, நாம வெயிலுக்குப் பயந்து ஓடிக்கினு கீறோம், இவங்க காசு குடுத்து வந்து காயுறாங்களே" என்று கேட்டாள்.

சரித்திரம்தான் என்னைச் சந்தியில் நிறுத்திவிட்டது. மாமல்லபுரம் காட்டினேன், காஞ்சிபுரம் காட்டினேன். வல்லக்கோட்டைக் கோயிலுக்குக்கூட அனுப்பிவிட்டு நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் மயங்கியது நம் பனந்தோப்புக்குப் பின்னால், தசரதன் நிலத்தில் வட்டமாகக் கிடக்கும் பாறைகளில். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்லறைகளாம். மூன்று நாள் அங்கேயே கிடந்தார். டேப் பிடித்து அளந்தார். முளை அடித்துக் கயிறு கட்டினார். நோட்டில் படம் வரைந்தார்.

கம்பெனிக்காரர்கள் இந்தப் பக்கம் நிலம் பார்க்க வர ஆரம்பித்ததிலிருந்து, டேப்பையும் முளையையும் கண்டால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் பிடித்தவர் வெள்ளைக்காரர். நான்காம் நாள் காலை நம் வாசலில் பதினோரு பேர். பிள்ளைகள் கையில் சர்டிபிகேட், தகப்பன்மார் கையில் பட்டா. அவர்களில் ரகுபதி என் காதோரம் வந்து, "டீச்சரம்மா, நம்ம நிலத்தப் பத்தியும் தொரைகிட்ட ஒரு வார்த்த போட்டு வைங்க, ரோட்டோரமா கீது" என்றான். உன் மாமனாரோ எல்லோருக்கும் கைகொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். இண்டர்வியூ முடிந்தது என்று பிள்ளைகள் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள்.

இத்தோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நீ சைக்கிள் கற்றுக்கொடுத்த தசரதன் மகள் சசிகலாவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அந்த நிலத்தை விற்றுத்தான் தசரதன் அதை நடத்தியாக வேண்டும். வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் போன வாரம் அட்வான்ஸோடு வந்தார். தொரை எடுத்துக்கொள்வார் என்று சொல்லி தசரதன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். பங்குனி முடியும்வரை பார்ப்பேன், பிறகு வேறு நிலம் வாங்கிக்கொள்வேன் என்று மில்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாரும் முணுமுணுக்கிறார்கள்.

இதில் என் பங்கை நீ அறிய மாட்டாய். ஆறு வருஷத்துக்கு முன் நீ அங்கேயே கல்யாணம் செய்துகொண்டபோது இங்கே வாய்க்கு வந்தபடி பேசினார்கள். சர்ச் வாசலிலேயே கேட்டார்கள். பொறுக்க முடியாமல், சம்பந்தி லண்டனில் மோட்டார் கம்பெனி முதலாளி என்று சொல்லிவிட்டேன். பஸ் டிப்போவில் மெக்கானிக் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருஷம் பெஞ்சு மேல் நிற்கவைத்தவள் நான்.

நேற்று ஆராதனை முடிந்ததும் தசரதன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி கனகம் நாற்காலி போட்டாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். தசரதன் சிரித்தான். "ரகுபதி நிலத்த பேசி முட்ச்சிட்டீங்க, அதான் மெக்கானிக்குன்னு கத வுடுறீங்க. எங்களுக்கும் தெரியும் டீச்சரம்மா" என்றான். பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்கள். உள்ளே சசிகலா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே, உன் மாமனார் டிப்போவில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு நிற்கும் போட்டோ ஒன்று வேண்டும். பின்னால் பஸ் தெரிய வேண்டும். கூடவே, தான் ஒரு மெக்கானிக், நிலம் வாங்கும் எண்ணமே இல்லை, ஆசைக்காகத்தான் அளந்தேன் என்று அவர் கைப்படக் கடிதமும் வேண்டும். நானே தமிழில் வாசித்துக் காட்டுவேன். பிறகு போட்டோவை டீக்கடையில் மாட்டச் சொல்வேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அனுப்பு. தபாலுக்கே பன்னிரண்டு நாள் போய்விடுகிறது.

எதற்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லாதே என்று எழுத நினைத்தேன். வேண்டாம், சொல்லிவிடு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்த மனிதர். அவரைப் போய் மறைத்தேனே.

அந்த ஆறு பேரும் டிசம்பரில் வரட்டும். சசிகலா கல்யாணம் நடந்தால் அது வைகாசியில் நடக்கும். அந்த வெயில் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு ஆகாது. நீ இங்கே பிறந்தவள், உனக்கு ஆகும்.

உனக்காக ஜெபிக்கும்
அம்மா ரூபவதி