இரட்டைக் குழலும் ஒரு நீலப் பொத்தானும்

உம் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தால் இன்னும் அதே வாசனைதான். துப்பாக்கி எண்ணெய், மரக்கட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய், எங்கோ அடியில் ஒரு திருநீற்றுப் பொட்டலம். நீர் போய் எட்டு மாதம் ஆகிறது. மேசையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். மேல் இழுப்பறையில் என் பேனாக்களை வைத்துக்கொண்டேன், கீழ் இழுப்பறையை மட்டும் தொடவில்லை. உம்மேல் உள்ள மரியாதை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அவர் நினைப்பைத் திருத்தவில்லை.

இன்று காலை திறக்க வேண்டியதாகிவிட்டது. நம் பழைய வாடிக்கையாளர் அபு ஹமத் வந்தார், கூடவே அவர் மகளும். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி அறையின் மூலைவரை தேடினார். "வேன் ரஃபீக்?" என்றார். நண்பர் எங்கே என்கிறார். அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. டீ குடிக்கப் போயிருக்கிறார், பேங்குக்குப் போயிருக்கிறார், லீவில் ஊருக்குப் போயிருக்கிறார் என்று எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன். நான் இருக்கிறேனே, என்ன வேண்டும் என்று கேட்டால், பரவாயில்லை, அவர் வந்ததும் வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

எதற்கு மறைக்க வேண்டும். உம்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டேன், அதுவும் பொய். செத்துப்போன மனிதன்மேல் பொறாமைப்படுகிறவனை என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் அந்த ஆள் நான்தான்.

இந்த அரபு ஊரில், தேராவில் இருக்கும் இந்தத் துப்பாக்கிக் கடைக்கு இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தோம். இங்கே துப்பாக்கி வாங்குகிறவர்கள் இங்கே சுடுவதில்லை. அனுமதிக் காகிதமெல்லாம் முடித்து, பெட்டியில் பூட்டி, மொராக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே மேட்டு நிலங்களில் நாள் முழுக்க நடந்து கௌதாரியும் காடையும் சுடுவார்கள். எந்த இரட்டைக் குழல் எந்த ஊரில் செய்தது, குழல் எத்தனை அங்குலம், எடை எவ்வளவு என்று எனக்கு எல்லாம் மனப்பாடம். உமக்கு அதில் பாதிகூடத் தெரியாது. முட்டையைக்கூடத் தொடாத யாழ்ப்பாணத்துச் சைவம் நீர். ஒரு காடையையாவது சுட்டிருக்கிறீரா என்று ஒருநாள் வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"நான் ஏனப்பா பறவையைப் பாக்கவேணும்? நான் ஆளையெல்லோ பாக்கிறனான்" என்றீர்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கேட்ட கேள்விக்கு உமக்குப் பேர் வந்தது.

ஆளைப் பார்ப்பது என்றால் என்ன என்று நான் ஒளிந்து ஒளிந்து கவனித்திருக்கிறேன். ஒருவர் வந்தால் முதலில் காவா என்கிற அரபுக் காப்பி கொடுத்து உட்கார வைப்பீர். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர். பிறகு எதிரே நின்று, ஒரு திர்ஹம் காசை உம் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்தபடி விரலால் இதைச் சுட்டுங்கள் என்பீர். எதிரே நிற்கும் உமக்கு அவர் விரல் அவருடைய எந்தக் கண்ணுக்கு நேரே தெரிகிறதோ அதுதான் அவருக்குப் பலமான கண். அதற்கப்புறம் காலித் துப்பாக்கியை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டுக் கையில் கொடுப்பீர். கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொல்வீர், பிறகு திறக்கச் சொல்வீர். நாலைந்து துப்பாக்கிகளை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் மேசையில் தனியாக வைப்பீர். அதைத்தான் வாங்குவார்கள்.

அபு ஹமத் முதன்முதலாக வந்த அன்று நீர் சுங்கத் துறை அலுவலகத்தில் இருந்தீர். எனக்கு அது லாட்டரி அடித்த மாதிரி. அவருக்குக் காவா கொடுத்தேன், வலக்கையால் வாங்கினார். பேரீச்சம்பழத்தை வலக்கையால் எடுத்தார். கையெழுத்தும் வலக்கைதான். சரி, வலக்கைக்காரர் என்று முடிவு கட்டினேன். எனக்குப் பிடித்த துப்பாக்கி ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மேலும் கீழுமாகக் குழல் வைத்தது, பன்னிரண்டாம் எண் என்கிற பெரிய துளை, பக்கத் தகடு முழுக்கப் பறவைகள் செதுக்கியது. தோளில் வைக்கிற மரக்கட்டை வலத்தோளுக்கென்று வளைத்தது. அதை எடுத்து வைத்தேன், அவரும் மயங்கிவிட்டார். அவர் குழலைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது நீர் திரும்பி வந்தீர்.

என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னீர். "அவருக்கு இடக்கண்தான் பலம். குழலுக்குள்ளால பாக்கேக்க இடக்கண்ணாலதான் பாத்தவர். ஒருக்காச் சோதிச்சுப் பாரும். அதோட, இது நாள் முழுக்கத் தூக்கிறதுக்குப் பாரம். தூக்கப்போறது அவர், நீர் இல்லை."

"எனக்குத் தெரியும்வே. என் கஸ்டமரை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். நீர் தலையாட்டிவிட்டு உம் மேசைக்குப் போய்விட்டீர். நீர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சரியாக இருந்தால் அந்த விற்பனை உம்முடையதாகிவிடும் என்பதுதான் என் கவலை.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்து பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். ஆறு நாள் ஸ்பெயினில் மலை ஏறி இறங்கியிருக்கிறார், விழுந்தது நாலே பறவை. மைத்துனர் எல்லார் முன்னாலும் கேலி செய்தாராம். மேனேஜர் என்னைப் பார்த்தார். இன்னொரு ரிட்டர்ன் வந்தால் விசாவைக் கேன்சல் பண்ணிவிடுவேன் என்று அதற்கு முந்தின மாதம்தான் சொல்லியிருந்தார். என் மனைவியும் மகளும் திருநெல்வேலியிலிருந்து வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது.

நீர் எழுந்து வந்தீர். இதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம் என்று இங்கே அரபிகளுக்கும் பழகிப்போன உருதுவை உடைத்து உடைத்து முதலில் சொன்னீர். இது நின்ற இடத்தில் நின்று வீசியெறிகிற களிமண் தட்டு சுட நல்லது, நடந்து சுட வேறொன்று வேண்டும், அதைக் கேட்காமல் விட்டது எங்கள் இருவர் பிழை என்றீர். பிறகு காசைக் கண்ணருகே பிடித்தீர். அவர் விரல் நேராக இடக்கண்ணுக்கு வந்து நின்றது. நீர் குனிந்து அவரிடம் மட்டும் கேட்கும்படி, வலக்கை சாப்பாட்டுக்கும் சலாமுக்கும்தான், துப்பாக்கிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது என்றீர்.

அவர் தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்தார். சின்ன வயதில் இடக்கையால் சாப்பிட்டால் அவர் அப்பா அந்தக் கையில் அடிப்பாராம். அப்படியே பழகிப் பழகி, தான் இடக்கைக்காரன் என்பதையே மறந்துபோயிருந்தார். பக்கவாட்டில் இரட்டைக் குழல் வைத்த, துளை சிறுத்த இருபதாம் எண் ஒன்றை நீர் எடுத்துக் கொடுத்தீர். செதுக்கல் ஒன்றும் கிடையாது, தூக்கினால் கையில் இருப்பதே தெரியாது. இரண்டு விசை. முன்விசை அகலமாகத் தெறிக்கும் குழலுக்கு, பின்விசை இறுக்கமாகப் போகும் குழலுக்கு. பறவை எழும்பும்போது கிட்டத்தில் இருக்கும், இரண்டாவது வெடிக்குள் தூரம் போயிருக்கும், யோசிக்க நேரமிருக்காது என்றீர். கட்டையை இடத்தோளுக்கு வளைத்துத் தருவதாகச் சொன்னீர். அவர் இடத்தோளில் வைத்துப் பார்த்தபோது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு துப்பாக்கியையும் வைத்துக்கொண்டார். மேனேஜருக்கும் வாயெல்லாம் பல்.

என் வேலை பிழைத்தது. அன்று உம்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. காப்பாற்றியதிலும் நீர்தான் ஜெயித்தீர். டீ குடிக்கும்போது, "நானே சொல்லியிருப்பேன், நீர் முந்திக்கிட்டீர்" என்றேன்.

"ஓமோம். அடுத்த முறை நீரே சொல்லும்" என்று பிளெயின் டீயை ஊதிக் குடித்தீர்.

நடந்ததை என் மனைவியிடம் சொல்லிவிட்டது என் தப்பு. உம்மை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அல் குஸைஸில் எங்கள் வீட்டுக்கு வந்தீர். சொதியும் அவியலும் வைத்திருந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டீர். அப்புறம் ஆறு வயசு மகளோடு விளையாட்டு. அவள் விரலை நீட்ட, நீர் கண்ணைச் சிமிட்ட, ஒரே சிரிப்பு. என்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை. நீர் போனதும் என் மனைவி, "எவ்வளவு நிதானமான மனுஷன். ஒரு வார்த்தை சத்தமா வரலயே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடையில்தான் எடுத்துக்கொண்டீர், வீட்டிலுமா என்று நினைத்தேன்.

அதோடு சரி. அதற்கப்புறம் உம்மைக் கூப்பிடவில்லை. நீரும் ஒருமுறை, வீட்டில் எல்லாரும் சுகமா, பிள்ளை என்ன செய்யிறா என்று வாசல்வரை வந்து நின்ற மாதிரிதான் கேட்டீர். ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள், அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். "அதுக்கென்ன, ஆறுதலாப் பாப்பம்" என்றீர்.

இன்று அபு ஹமத்திடம் விஷயத்தைச் சொன்னேன். லீவில் யாழ்ப்பாணம் போன இடத்தில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டாம் நாள் முடிந்துவிட்டது என்று. அவர் உட்கார்ந்துவிட்டார். உதடு மட்டும் பிரார்த்தனையில் அசைந்தது. பிறகு மகளைக் காட்டி, மொராக்கோவுக்கு என்னோடு கௌதாரி சுட வருகிறாள், அவன் இல்லை, நீ பார்த்துக் கொடு என்றார். அவன் இல்லை என்பதால்தான் நான். ஆனாலும் மறுப்பேனா, இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்.

கண் பார்க்கக் காசு தேடினேன். பையில் கார்டுதான் இருந்தது. அதனால்தான் உம் இழுப்பறையைத் திறந்தேன். உம்முடைய அந்த நீலப் பொத்தான் கிடந்தது. நடுவில் என்றைக்கோ காசை விட்டுவிட்டு இந்தப் பொத்தானுக்கு மாறினீர். மந்திரவாதி வேஷம் போடுகிறீர் என்று கேலி செய்திருக்கிறேன். அதைக் கண்ணருகே பிடித்தேன். அந்தப் பெண் சுட்டினாள், வலக்கண். பெண்பிள்ளை, கட்டை எங்கே படுகிறது என்று நான் தொட்டுக் காட்ட முடியாது. அப்பாவையே அவள் தோளில் தொட்டுக் காட்டச் சொன்னேன். என் கை முதலில் போனது செதுக்கல் வேலை செய்த ஒன்றின் பக்கம்தான். பாதியில் நிறுத்திவிட்டு இருபதாம் எண், இரண்டு விசை, குட்டையான கட்டை என்று எடுத்தேன். கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தாள். பார்வை குழலின்மேல் வகிடு எடுத்தது போல் நேராக இருந்தது. நான் தனியாக, சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அபு ஹமத் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது உன் மகளோட பொத்தான்தானே?" என்றார் உருதுவில்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார், நீர் அவரிடம் சொன்னதாம். நண்பர் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடப் போனேன், அவர் பிள்ளை தன் சட்டைப் பொத்தானைக் கொடுத்தாள் என்று. இன்னொன்றும் சொன்னீராம். கடை பூட்டினால் அவன் வீட்டுக்குப் போகிறான், நான் ரூமுக்குப் போகிறேன், எனக்கு அவன்மேல் ஹஸத் என்று. ஹஸத் என்றால் பொறாமை. அப்படியெல்லாம் சொல்லாதே, கண்ணேறு படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொல் என்று அவர் உம்மைக் கண்டித்தாராம்.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். உம்மிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது, அதற்கு நீரும் வயிறெரிந்திருக்கிறீர். அந்தச் சந்தோஷம் அவர் காவாக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டது. என்னிடம் இருந்தது ஒரு மத்தியானச் சாப்பாடு. ஒன்பது வருடம் அதைப் பூட்டி வைத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் பொத்தானை மேசைமேல் வைத்துச் சொன்னேன். மகளுக்கு இப்போது பதினைந்து வயது, தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதியாகத்தான் வரும். "ஓ, அந்த அங்கிளா? ஐ ரிமெம்பர். எனக்கு லெஃப்ட் ஐன்னு சொன்னாரே. டாடி, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அப்புறம் ஏன் அவர் வரவே இல்ல?" என்றாள். கொஞ்சம் யோசித்து அவளே, "நாமதான் கூப்பிடலயே" என்றாள். நாம் என்று அவள் சொன்னது அவள் நல்ல மனசு.

பொத்தானை எடுத்து மகளிடம் நீட்டினேன், உன்னுடையதுதானே, வைத்துக்கொள் என்றேன். அவள் வாங்கவில்லை.

"அது நான் அங்கிளுக்குக் கொடுத்தது" என்றாள்.

என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது வருவார்கள், நீர் எங்கே என்று கேட்பார்கள், எனக்கு மறுபடி எரியும். எரிந்தாலும் இதைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நிற்பேன். கேட்கிறவர்களிடம், இது அவருடையது, நான் வைத்திருக்கிறேன் என்று சொல்வேன்.